படகைப் பேசுவதா, இருக்கையைப் பேசுவதா?

பள்ளி விடுமுறை நெருங்குவதை நாட்காட்டியைப் பார்க்காமலே வாசகர்கள் எனக்குச் சொல்லிவிடுவார்கள். வீட்டுக் கடன், கார் தவணை, ஊழியர் சேமநிதி என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், “இந்தத் தடவை பிள்ளைகளுக்குக் காடு காட்டலாம் என்றிருக்கிறோம். கூட்டத்தோடு போவது மலிவா, தனியாக ஏற்பாடு செய்தால் கட்டுப்படியாகுமா?” என்று புலனத்தில் கேட்கத் தொடங்குவார்கள். இந்த முறை குருபோங், செங், டுரியான் துங்கால் வட்டாரத்திலிருந்து மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களில் ஒருவன் என் அக்கா மகன். ஆகவே இந்த வாரம் அதையே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சஃபாரி என்றதும் நம் மலாக்காக்காரர்களுக்கு ஆயர் குரோ விலங்குக்காட்சி சாலையும் அலோர் காஜா பக்கத்து உல்லாசப் பூங்காவும்தான் நினைவுக்கு வரும். அங்கே டிக்கெட் வாங்கினால் யானை கண்ணில் படுவது உறுதி. காட்டில் அந்த உறுதி கிடையாது. அங்கே பணம் கொடுத்து வாங்குவது பார்க்கும் வாய்ப்பை மட்டும்தான். அந்த வாய்ப்புக்கு எவ்வளவு கொடுக்கலாம், அதை யாரோடு பகிர்ந்துகொள்ளலாம் என்பதே கேள்வி.

ஒரு வகுத்தல் கணக்கு

கோலா சிலாங்கூர், கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே துடுப்புப் போடும் சிறு படகில் நான்கு பேர் அமரலாம். கட்டணம் படகுக்கு. இருவர் போனாலும் நால்வர் போனாலும் படகுக்கு ஒரே விலை. இதுதான் ‘தனி’. இதுவே ஓர் இருக்கைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, தெரியாதவர்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டால் அது ‘கூட்டம்’. உலகத்தில் எந்தக் காட்டுக்குப் போனாலும் இந்த இரண்டுக்குள்தான் எல்லாம் அடங்கும்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். கூட்டப் படகில் ஓர் இருக்கை 60 ரிங்கிட். முழுப் படகு 240 ரிங்கிட். பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்தால் 4. உங்கள் வீட்டில் நான்கு பேருக்குக் குறைவென்றால் கூட்டம் மலிவு. நான்கு பேரென்றால் இரண்டும் ஒன்று. ஐந்து பேரென்றால் கூட்டத்தில் 300 ரிங்கிட் ஆகும். தனிப் படகிலோ அதே 240-தான். “தனி என்றாலே பணக்காரர் சமாச்சாரம்” என்று விசாரிக்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் நம்மில் நிறைய. அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பல நேரங்களில் தனிதான் மலிவு.

இளம் வயதில் தனியாகவோ, இருவராகவோ போகிறவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அவர்கள் கூட்டத்தோடு சேர்வதே புத்திசாலித்தனம். காட்டில் கூடுதல் கண்கள் இருப்பதிலும் லாபம் உண்டு. மரக்கிளையில் சுருண்டு கிடக்கும் பாம்பைப் படகோட்டிக்கு முன்னால் பின்னிருக்கைப் பையன் பார்த்துவிடுவான்.

ஆனால் எல்லாச் செலவும் இப்படி வகுபடாது. நுழைவுக் கட்டணம் தலைக்கு இவ்வளவுதான். கூட்டமாகப் போனாலும் தனியாகப் போனாலும் மாறாது. இலங்கையின் யால தேசியப் பூங்காவில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஆளுக்கு ஒரு கட்டணம், குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், அதன் மேல் வரி, ஜீப் வாடகை தனி. ஆளுக்கான கட்டணம் குறையாது. குழுவுக்கும் ஜீப்புக்கும் கொடுப்பதை மட்டுமே பங்கு போடலாம். ஒரு ஜீப்பில் ஆறு பேர் அமரலாம் என்பதால் ஆறு பேர் சேர்ந்தால்தான் பங்கு மிகக் குறையும். “தனி ஜீப்” என்று விலை சொன்னால், நுழைவுக் கட்டணத்தையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இடத்துக்கு இடம் விதி மாறும்

சில இடங்களில் தேர்ந்தெடுக்கும் உரிமையே நம்மிடம் முழுதாக இருக்காது. தமிழ்நாட்டு முதுமலையில் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழைய முடியாது. தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை நடத்தும் வண்டியில்தான் சவாரி. ராஜஸ்தானின் ரந்தம்போரில் ஆறு பேர் ஏறும் ஜிப்சியும் உண்டு. இருபது பேர் ஏறும் திறந்த கேண்டரும் உண்டு. கேண்டர் மலிவு. ஜிப்சி குறுகிய பாதையில் எளிதாகத் திரும்பும். சத்தமும் கூட்டமும் குறைவு. புலி இரண்டுக்கும் உத்தரவாதம் தருவதில்லை.

நம் நாட்டில் தாமான் நெகாரா 4,343 சதுர கிலோமீட்டர் பரந்த காடு. பகாங், கிளாந்தான், திரெங்கானு மூன்றிலும் விரிகிறது. கோலா தஹானில் இறங்கியதும் பலரும் ‘இரவு சஃபாரி’ என்று ஜீப்பில் ஏற்றிப் போவார்கள். அது பெரும்பாலும் பூங்காவின் ஓரத்துச் செம்பனைத் தோட்டப் பாதைகளில்தான் ஓடும். மரநாய், காட்டுப்பூனை, ஆந்தை தெரியலாம். தோட்டத்தில் பிறந்து, விடியற்காலை இருட்டில் பிரட்டுக்கு நடந்து பழகிய நம்மவர்களுக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வரும். “இதற்கா பணம் கொடுத்தோம்?” என்பார்கள். தாமான் பிள்ளைகளுக்கு அதுவும் புதுசுதான். அவர்களுக்காகப் போவதென்றால் கூட்ட ஜீப்பே போதும். அதைத் தனியாகப் பேச வேண்டியதில்லை.

அங்கே அடர்ந்த காட்டில் பெரிய விலங்குகள் சுலபமாகக் கண்ணில் படா. காட்டுக்குள் ‘பும்புன்’ எனப்படும் மறைவுக் குடில்கள் இருக்கின்றன. அமைதியாக உட்காரத் தெரிந்த இளையவர்களுக்கு அது செலவு குறைந்த அருமையான அனுபவம். சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு முடியாது.

விலங்குகளைப் பார்ப்பதே நோக்கமென்றால் என் விரல் சபாவைத்தான் காட்டும். 560 கிலோமீட்டர் நீளமுள்ள கினாபாத்தாங்கான் ஆற்றில் சுகாவ், பிலிட் கிராமங்களிலிருந்து படகுகள் புறப்படுகின்றன. 2005-இல் அந்த ஆற்றின் கீழ்ப்பகுதி வனவிலங்குச் சரணாலயமாக அரசிதழில் பதிவானது. மாலையில் நீண்ட மூக்குக் குரங்குகள் தூங்குவதற்கு ஆற்றோர மரங்களுக்கு வரும். மலாய்க்காரர்கள் அதற்கு ‘மோன்யெட் பெலாண்டா’, அதாவது டச்சுக்காரக் குரங்கு என்று பெயர் வைத்தார்கள். சிவப்புக் கட்டடத்தைத் தினம் பார்க்கும் மலாக்காக்காரர்களுக்கு அந்தக் கேலி உடனே புரியும்! அதிர்ஷ்டம் இருந்தால் ஒராங் ஊத்தானும், போர்னியோ யானைக் கூட்டமும் தெரியும். இருவாச்சிகளில் எட்டு வகை அந்த ஆற்றோரம் உண்டு.

கணக்கில் ஏறாத செலவு

இனி அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் வேலை. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. அந்த அம்மாதான் என் அக்கா. முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். “யானையைக் கோயில் கோபுரத்திலதான்டா பாத்திருக்கேன்” என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். பையன் அதைப் பிடித்துக்கொண்டான்.

“மாமா, குரூப்புல போனா ஐந்நூறு வெள்ளி மிச்சமாகும். ஆனா அம்மாவுக்கு முட்டி வலி. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழிப்பறைக்குப் போகணும். மத்தவங்க முகம் சுளிச்சா அம்மா தண்ணியே குடிக்காம உக்காந்திருக்கும்” என்றான்.

அவன் சொன்னது சரி. நம் வீட்டுப் பெரியவர்கள் பிறருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று தங்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்காகவே போகும் பயணத்தில் அவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மிச்சமான ஐந்நூறு வெள்ளியால் என்ன பயன்? அதே சமயம் ஒரே சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் ஐந்நூறு வெள்ளி பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, காலணிச் செலவு. அதையும் தூக்கிப் போட முடியாது.

நான் சொன்ன யோசனை இதுதான்: முழுப் பயணத்தையும் ஒரே மாதிரி வாங்காதே. துண்டு துண்டாகப் பார். எங்கே அம்மாவுக்குச் சிரமமோ அங்கே மட்டும் தனி. மற்ற இடத்தில் கூட்டம். சண்டகான் விமான நிலையத்திலிருந்து சுகாவ் போகும் இரண்டு மணி நேரத்துக்கும் மேலான சாலைப் பயணத்துக்குத் தனி வேன். தங்குமிடத்தில் சாப்பாடு எல்லாரோடும். ஆற்றுப் படகு இரண்டு மணி நேரம்தான் என்பதால் மாலைச் சவாரி கூட்டத்தோடு. அம்மா கால் நீட்டி நிதானமாகப் பார்க்க, காலைச் சவாரி மட்டும் தனிப் படகு. இப்படிப் போட்டதில் கூடுதல் செலவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

யானைக்கு மட்டும் நான் ஆற்றை நம்பச் சொல்லவில்லை. பகாங், லஞ்சாங் பக்கத்தில் கோலா கண்டா தேசிய யானைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. வனவிலங்குத் துறை 1989-இல் தொடங்கியது. நம் வட்டாரத்திலிருந்து காரிலேயே ஒரு நாளில் போய்வரலாம். அக்காவை முதலில் அங்கே அழைத்துப்போனார்கள். சபாவில் யானை கண்ணில் படவில்லை. அக்காவுக்கு அதில் வருத்தமும் இல்லை. தனிப் படகில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மிதந்தபோது தலைக்கு மேல் பறந்த இருவாச்சியின் இறக்கைச் சத்தத்தைத்தான் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பணம் கட்டுமுன் கேளுங்கள்

விலை ஆளுக்கா, வண்டிக்கா? கூட்டமென்றால் ஒரு படகில் அதிகபட்சம் எத்தனை பேர்? பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணம் எந்த வயது வரை? உயிர்காப்பு அங்கி பிள்ளைகளின் அளவில் இருக்கிறதா? வழிகாட்டிக்கு உரிமம் உண்டா? மழையால் படகு போகாவிட்டால் பணம் திரும்புமா, நாள் மாற்றித் தருவார்களா? பதிலைப் புலனத்திலாவது எழுத்தில் வாங்கி வையுங்கள். சபாவுக்குப் போகிறவர்கள் அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

ஆண்டிறுதி விடுமுறையில் கவனம் தேவை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கினாபாத்தாங்கானிலும் பகாங் பக்கத்திலும் மழை அதிகம், வெள்ளமும் வரும். ஆண்டின் நடுவில் வரும் விடுமுறையே நல்லது. வார இறுதியை விட்டு வார நாளில் போனால், கூட்டப் படகு பாதி காலியாகவே புறப்படும் வாய்ப்பு உண்டு. அப்போது இருக்கை விலையில் தனிப் படகின் வசதி கிடைத்துவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கூட்டத்தை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். ஒரே தாமானில் இரண்டு குடும்பங்கள், ஒரே வேலையிடத்தில் ஆறு நண்பர்கள் சேர்ந்தால் தனி வண்டியும் ஆகும், கூட்ட விலையும் ஆகும். ஒரு நிபந்தனை: விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்திருக்கத் தயாரானவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. முழு வண்டிக்கும் பணம் கொடுத்துவிட்டோம் என்பதற்காக, “இன்னும் கிட்டே போங்கள்” என்று ஓட்டுநரை நெருக்காதீர்கள். யாலவில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் முண்டியடிப்பது அந்த நெருக்குதலால்தான். ஓட்டுநர் மறுத்தால் அவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார் என்று பொருள். இறங்கும்போது அவருக்குப் பத்து வெள்ளி கூடுதலாகக் கொடுங்கள். அதையும் முதலிலேயே பட்ஜெட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.