கிலோ விலையைக் கண்ணில் காட்டுங்கள்

உப்பு பாக்கெட் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று 500 கிராம், 13 ரூபாய். மற்றொன்று 800 கிராம், 27 ரூபாய். கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் முதலாவது 26 ரூபாய், இரண்டாவது ஏறத்தாழ 34 ரூபாய். ஆனால் இரண்டின் மீதும் அச்சாகும் அலகு விற்பனை விலை ஒன்றுதான்: கிராமுக்கு ரூ. 0.03.

இதில் யாரும் விதியை மீறவில்லை. விதியே அப்படி இருக்கிறது. ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட்டில் கிராம் விலையையும், அதற்கு மேற்பட்டதில் கிலோ விலையையும், இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கிப் போட வேண்டும் என்கின்றன பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகள். விலை குறைந்த பொருளில் அந்த முழுமையாக்கலிலேயே வித்தியாசம் கரைந்துபோகிறது. ஏழை வீடுகள் அதிகம் வாங்குவது அத்தகைய பொருள்களைத்தான்.

பிஸ்கட், டீத்தூள், உப்பு, சமையல் எண்ணெய் போன்றவற்றை இன்ன எடையில்தான் பொட்டலமிட வேண்டும் என்று முன்பு ஒரு பட்டியல் இருந்தது. 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்தம் அதை நீக்கியது. எந்த எடையிலும் விற்கலாம் என்ற சுதந்திரம் நிறுவனங்களுக்குக் கிடைத்தது. அதற்கு ஈடாக வாடிக்கையாளருக்குக் கொடுக்கப்பட்டதே அலகு விலை. அந்த ஈடு பயன்படாவிட்டால் திருத்தத்தின் பலன் ஒரு தரப்புக்கே போய்ச் சேரும்.

பெரிய பாக்கெட் வாங்கினால் லாபம் என்று நம்பியும் பயனில்லை. ஷாம்பு வாங்குகிறவர்களைக் கேளுங்கள்: மில்லி கணக்கில் பார்த்தால் பல நேரம் பாட்டிலைவிடச் சின்ன பாக்கெட்டே மலிவு. எண்ணெயில் இன்னொரு சிக்கல். ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ அல்ல. சுமார் 910 கிராம்தான். லிட்டர் பாக்கெட்டையும் கிலோ டின்னையும் விலையை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

மேலும், பாக்கெட்டில் உள்ள அலகு விலை எம்.ஆர்.பி.யை வைத்துக் கணக்கிடப்படுவது. கடைக்காரர் தள்ளுபடி கொடுத்தால் அந்த எண் பொருந்தாது. அதனால் கடை அலமாரியிலும், விற்கும் விலைக்கு ஏற்ற கிலோ விலை இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 1998-லேயே இதற்கு உத்தரவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2009 முதல் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு இது கட்டாயம். பில் போடும் கணினியில் எடையும் விலையும் ஏற்கெனவே இருக்கும்போது, நம் ஊர்ப் பெரிய கடைகளுக்கு இது சுமையே அல்ல.

ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை விதியைத் திருத்த வேண்டும். பாக்கெட் சிறிதோ பெரிதோ, கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு என ஒரே அளவில், எம்.ஆர்.பி. அச்சாகும் அதே எழுத்தளவில் அலகு விலை இடம்பெற வேண்டும். பெரிய கடைகளின் அலமாரிகளிலும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். தமிழ்நாட்டில் எடையளவு விதிகளை அமல்படுத்தும் தொழிலாளர் துறை, அலகு விலையே அச்சிடாமல் வரும் பாக்கெட்டுகள் மீது இப்போதே நடவடிக்கை எடுக்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.