மனம் மாறாவிட்டாலும் பேச்சு மாறும்

1994இல் ருவாண்டாவில் இனப்படுகொலையைத் தூண்டியதில் வானொலிக்குப் பெரும் பங்குண்டு. அந்நாட்டில் 2004இல் தொடங்கிய 'முசெக்கெவேயா' என்னும் வானொலித் தொடர்நாடகம், பகைகொண்ட இரு கிராமங்களின் கதையைச் சொன்னது.

ஓராண்டு அதைக் கேட்டவர்களை உளவியலாளர் எலிசபெத் லெவி பாலக் ஆராய்ந்தார். அவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆயினும், மாற்றுக் கருத்தை வெளிப்படையாகப் பேசும் துணிவு வளர்ந்திருந்தது. ஆய்வின் முடிவில் ஒவ்வொரு குழுவுக்கும் பொதுவில் ஓர் ஒலிநாடாக் கருவி தரப்பட்டது. உடல்நல நாடகம் கேட்ட குழுவினர் அதை உள்ளூர் அதிகாரியின் பொறுப்பில் விட முனைந்தனர். இவர்களோ விவாதித்து, கூட்டாகப் பராமரிக்க முற்பட்டனர்.

எதிர்த்தரப்பின் கொள்கையை மாற்றுவதே உரையாடலின் வெற்றி எனக் கருதுகிறோம். அந்த அளவுகோலே பிழை என்பேன். கொள்கை மாறாமலே கூடி முடிவெடுக்கும் பழக்கம் வேரூன்றினால், அதுவே சமூகத்தின் லாபம். ஊடகங்களையும் இந்தக் கோல்கொண்டே அளக்க வேண்டும்.