பம்பி வாங்கப் போகும் இளந்தாய்க்கு

முதற் குழந்தையைப் பெற்றெடுத்த என் பெறாமகள் ஒருத்தி, ஆசிரியப் பணிக்கு மீள வேண்டிய நாள் நெருங்கிவிட்டதே என்று கலங்கிக்கொண்டிருந்த வேளையில் அவளைப் பார்க்கச் சென்றிருந்தேன். முழுச் சம்பளத்துடன் கிடைக்கும் பிரசவ லீவு 84 வேலை நாட்களே. அவளுடைய பாடசாலையோ கிளிநொச்சிப் பக்கம். யாழ்ப்பாணத்தில் விடியற்காலை ஐந்தே முக்காலுக்குப் பஸ் ஏறினால், வீடு திரும்பப் பிற்பகல் மூன்று மணிக்கு மேலாகிவிடும். அதுவரை குழந்தை அம்மம்மாவின் பொறுப்பு. அவ்வேளைக்குரிய பாலை எடுத்து வைக்கும் பொருட்டு, மருந்துக் கடையொன்றில் பம்பி ஒன்றை வாங்கியிருந்தாள். குழந்தைக்குக் கொடுத்து முடித்த கையோடு இருபது நிமிடம் வருந்தி இழுத்தும், போத்தலின் அடியில் அரை அவுன்ஸ் பாலே கிடந்தது.

“எனக்குப் பால் காணாது, சின்னம்மா” என்றாள். மேசையின் மறுகோடியில் பால்மா ரின் ஒன்று திறவாமல் இருந்தது. அம்மம்மா முன்யோசனையாக வாங்கி வைத்ததாம்.

அன்று வந்த குடும்பநல உத்தியோகத்தர் பம்பியைப் பார்க்குமுன் குழந்தையின் வளர்ச்சிப் பதிவைத்தான் கேட்டார். நிறைக்கோடு ஒழுங்காக ஏறியிருந்தது. சிறுநீரும் நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையவில்லை. “பிள்ளைக்குப் பால் காணும். பம்பிக்குத்தான் காணவில்லை” என்று சிரித்தார். குழந்தை குடித்தெழுந்த பின் எஞ்சியதைப் பம்பி எடுக்கிறது. அன்றியும், குழந்தையின் வாய் எடுப்பதுபோல் எந்தப் பம்பியும் எடுப்பதில்லை. போத்தலில் விழுந்த அளவைக் கொண்டு தாயின் பாலை அளந்து, அதனாற் பால்மாவுக்கு மாறிய வீடுகள் எத்தனையோ!

குறை எங்கே இருந்ததென்றால், மார்பிற் பொருத்தும் புனலில் இருந்தது. பெட்டியோடு வந்தது 28 மில்லிமீற்றர்; அவளுக்கு ஏற்றது 21. புனலின் குழாய்ப் பகுதியிற் காம்பு மட்டும் உரசாமல் முன்னும் பின்னும் அசைய வேண்டும். காம்பைச் சூழ்ந்த கருவட்டமும் உள்ளே இழுபட்டால் புனல் பெரிது. காம்பு சுவரில் உரசி நோவெடுத்தாற் சிறிது. பால் கொடுக்குமுன் காம்பின் அடிப்பகுதியின் குறுக்களவை அளந்து பார்த்துக்கொள்க. இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கும் என்பதுமில்லை. நம்மவர் பெட்டியின் விலையையும் படத்தையும் பார்த்து வாங்குகின்றனர். வேறு அளவுப் புனல்கள் தனியே கிடைக்குமா என்று கடைக்காரரைக் கேட்போர் அரியர்.

நோவைப் பொறுத்து இழுவையைக் கூட்டினாற் பால் கூடும் என்பதும் தவறு. நோவும் மனக்கலக்கமும் பாலைச் சுரந்து இறங்கச் செய்யும் ஒட்சிரோசினைத் தடுக்கும். ஆதலாற்றான் நல்ல மின்பம்பிகள் முதலில் மெல்ல விரைந்தும், பால் இறங்கத் தொடங்கியதும் ஆறுதலாக ஆழ்ந்தும் இழுக்கின்றன. இக்கருவிக்கு அமெரிக்காவில் 1854ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வழங்கப்பட்டது. 1920களில் மின்சாரத்தால் இயங்கும் ஒன்றை ஆக்கியவர் எட்வர்ட் லாஸ்கர். சதுரங்கம் ஆடும் மாணவர் இப்பெயரை அறிந்திருப்பர், அந்த ஆட்டக்காரரேதான். மென்மையான இழுவையின் அளவை ஆராய்ந்து மருத்துவமனைப் பம்பியைத் திருத்தியமைத்தவர் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் ஐனார் எக்னெல். அவரது ஆய்வு 1956இல் வெளிவந்தது.

எந்தப் பம்பி வேண்டும் என்பதற்கு, குழந்தையை விட்டு எத்தனை மணி நேரம், வாரத்தில் எத்தனை நாள் பிரிந்திருக்க நேரும் என்பதே விடை. எப்பொழுதாவது ஒருநாள் வெளியே செல்பவளுக்குக் கையால் அமுக்கும் சிறு பம்பி போதும். என் பெறாமகளைப் போல நாள்தோறும் ஒன்பது மணித்தியாலம் பிரிந்திருப்பவள், இரு பக்கமும் ஒருங்கே எடுக்கும் மின்பம்பியை வாங்குவதே நன்று. பதினைந்து, இருபது நிமிடத்தில் வேலை முடியும். மின்னேற்றி வைத்துக்கொள்ளும் வகையாயிருந்தால், மின்வெட்டுக்கும் அஞ்ச வேண்டா. ரப்பர் குமிழை அழுத்தும் மலிவுப் பம்பியை மாத்திரம் எவரும் வாங்க வேண்டா. பால் குமிழுக்குட் புகுந்தால் அதைக் கழுவித் துப்புரவாக்க வழியில்லை, இழுவையும் கட்டுப்படாது.

கனடாவிலுள்ள மைத்துனி ஒருத்தி தான் பாவித்த விலையுயர்ந்த பம்பியை அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். அன்புக்கு நன்றி, ஆயினும் வேண்டா என்றே நான் சொன்னேன். பால் பின்னோக்கிச் செல்லாதபடி தடுப்பு அமையாத பம்பிகளில், துளிகள் குழாய் வழியே மோட்டாருக்குட் சென்று பூஞ்சணம் பிடிக்கும். போத்தலை எத்தனை முறை அவித்தாலும் மோட்டாரை அவிக்க முடியுமா? அன்றியும், அங்கே மின்சாரம் 120 வோல்ற்று, இங்கே 230. மின்மாற்றியில் எழுதியிருப்பதைப் பாராமற் செருகினால் எரிந்தே போகலாம்.

ஒரு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 மில்லிலீற்றர் குடிக்கும். ஒன்பது மணித்தியாலத்துக்கு 300 மில்லிலீற்றர் அளவு வைத்துச் சென்றாற் போதும். எடுத்த பால் 25 பாகை செல்சியசுக்கு மேற்படாத அறையில் நான்கு மணித்தியாலம் வரை பழுதுறாது. நம் வெயிலுக்கு அந்தக் கணக்குச் சரிவராது. உடனே குளிரூட்டியில் வைக்க வேண்டும். அங்கே நான்கு நாள் வரை இருக்கும். பாடசாலையிற் குளிரூட்டி இல்லையெனில், பனிக்கட்டிப் பொதி வைத்த குளிர்ப்பை உதவும். மேலே ஆடைபோற் கொழுப்பு மிதந்தால் பால் கெட்டதென்று ஊற்றிவிட வேண்டா. பாத்திரத்தை வெந்நீரில் வைத்து மெல்லச் சுழற்றினாற் கலந்துவிடும். அடுப்பில் வைத்துக் காய்ச்சலாகாது. அம்மம்மாமார் கோப்பையாலும் கரண்டியாலும் ஊட்டப் பழகிக்கொள்வதும் நலம்.

பம்பியைப் பற்றி இவ்வளவு பேசியும் ஒன்று எஞ்சுகிறது. அதை எங்கே இருந்து பாவிப்பது? ஆணும் பெண்ணும் ஒருங்கே இருக்கும் ஆசிரியர் அறையிலா, மலசல கூடத்திலா? பிள்ளையின் உணவை மலசல கூடத்தில் எடுக்கச் சொல்வது நமக்கு வெட்கம். ஒரு கதிரை, தாழ்ப்பாள் உள்ள கதவு, ஒரு மின்செருகி, கை கழுவத் தண்ணீர். அதிபர்மார் இவ்வளவும் செய்து கொடுத்தால் ஆகும் செலவு மிகச் சிறிது. என் பெறாமகளுக்கு விஞ்ஞானகூடத்தின் பின்னறை கிடைத்திருக்கிறது. 21 மில்லிமீற்றர்ப் புனல் கொழும்பிலிருந்து வந்து சேரும்வரை, குடும்பநல உத்தியோகத்தர் காட்டிக் கொடுத்தபடி, சவர்க்காரமிட்டுக் கழுவிய கையாலேயே பாலை எடுத்து வைத்தாள். பம்பி வந்த பின்னும், பஸ் தாமதிக்கும் நாட்களில் அக்கைப்பழக்கமே அவளுக்கு உதவுகிறதாம்.