ஓய்வு யாருக்கு?

போடியிலும் கம்பத்திலும் கோழி கூவுமுன் அடுப்பு மூட்டும் பெண்கள், தூக்குச் சட்டியோடு ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். பொழுது சாயத் திரும்பினால் மறுபடியும் அடுப்பு! பிள்ளையை மடியில் வைத்துப் பேச நேரம் எங்கே?

இவர்களிடம், 'குடும்பத்துக்கென்று நேரம் ஒதுக்குங்கள்' என்று உபதேசிக்கிறார்கள் மேதாவிகள். ஒதுக்குவதற்கு நேரம் யார் கையில் இருக்கிறது? 2023-இல் இன்போசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். எல் அண்டு டி தலைவர் 90 மணி நேரம், ஞாயிறும் வேலை என்று பேசியது 2025-இல் வெளிவந்தது. பேசுவது அவர்கள் வாய். தேய்வது நம் எலும்பு!

எட்டு மணி வேலை எவரும் போட்ட பிச்சையல்ல. 1886-இல் சிகாகோ தொழிலாளர் இரத்தம் சிந்திக் கேட்டது. 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது!

ஆண் தோழர்களுக்கும் ஒரு சொல். மத்திய அரசின் 2019 கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் கொடுக்கிறார்கள். செய்கிற ஆண்களோ 97 நிமிடம்தான். ஆலையில் எட்டு மணி கேட்கும் நாம், வீட்டில் முதலாளியாகலாமா? நாமும் குடம் தூக்குவோம். அடுப்படியில் கை கொடுப்போம்.

தோழர்களே! எட்டு மணிக்கு மேல் இலவச உழைப்பு இல்லை! கூலியோடு வார விடுமுறை வேண்டும்! சங்கத்தில் திரள்வீர்!