சருகைக் கொஞ்சம் விட்டுவையுங்கள்



சென்னையில் குளிர்காலப் பறவைகள் என்றதும் எல்லோரும் பள்ளிக்கரணைக்குத்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். தவறில்லை, 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம், பூநாரைகளைச் சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். ஆனால் மரமடர்ந்த பூங்காக்களுக்கு வரும் வலசைப் பறவைகளை யாரும் கண்டுகொள்வதில்லை.

ஆறுமணிக்குருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே வருகிறது. குட்டை வால், பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு. தரையில் தத்தித் தத்தி, அலகால் சருகைப் புரட்டிப் புழு பூச்சி தேடும். கொடிக்கால் வாலாட்டியும் சருகில்தான் மேயும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும்.

அந்தச் சருகைத்தான் எங்கள் பகுதிப் பூங்காவில் ஓர் இலை மிச்சமில்லாமல் பெருக்கிக் குவித்துத் தீ வைக்கிறார்கள். நடைபாதை சுத்தமாக இருக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? மரத்தடியிலும் புதரோரத்திலும் மார்ச் வரையாவது விட்டுவைக்கலாமே. பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்குப் பூங்காப் பணியாளர்களையும் அழைக்க வேண்டும். எந்தப் புதரடியில் எது மேய்கிறது என்று, பைனாகுலர் மாட்டிக்கொண்டு அலையும் எங்களைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

– ஒரு வாசகி, சென்னை