வீட்டிலே கல்வி

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ தம் குழந்தையை வீட்டிலேயே படிப்பிக்க எண்ணும் பெற்றோர் முதலில் கேட்பது, இது சட்ட விரோதமா என்பதே. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியிற் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. தவறினவர்க்குத் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. வீட்டுக் கல்வியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது கேள்வி பரீக்ஷையைப் பற்றியது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 14 வயது நிரம்பியோரைப் பத்தாம் வகுப்புக்குச் சமமான படிப்பிற் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே மேற்படிப்புக்கு வழி அடைபடவில்லை.

மூன்றாவது கேள்வியை நாம் கேட்கிறோம். தாய் தந்தையர் கருத்துடன் கற்பிக்கும் பிள்ளையும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை நிறுத்திவிட்ட சிறுமியும் பள்ளிப் பதிவேட்டைப் பொறுத்தவரை ஒன்றே. இருவர் பெயரும் அதில் இல்லை. யார் படிக்கிறார், யார் வஞ்சிக்கப்படுகிறார் என்பதைச் சர்க்கார் அறிவது எங்ஙனம்?

சட்டத்தின் மௌனம் இங்கே தீங்கு செய்கிறது. வீட்டுக் கல்வியை அங்கீகரித்து, அப்பிள்ளைகளின் பெயரைப் பதிந்து, வருஷத்துக்கொருமுறை அவர்கள் கற்றதைச் சோதித்தறிதல் வேண்டும். நேர்மையுள்ள பெற்றோர் இதற்கு அஞ்சார். அஞ்சுவோரின் பிள்ளைகளுக்கே இப்பாதுகாப்பு மிகவும் அவசியம்.