மடிப்பிச்சையும் அறுபது மைலும்

"அந்த 2300 டாலரை நீயே கொடுத்துட்டு வீட்ல நிம்மதியா தூங்கலாமே, எதுக்கு கால் தேய நடக்கணும்?"

போன ஒரு மாசமா இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லைங்க. ரங்கமணி கேட்டாச்சு, ஆபீஸ்ல கேட்டாச்சு. ஊர்ல இருந்து போன் பண்ணின பெரிய மாமா ஒரு படி மேல போய், "நீ நடந்தா அவங்களுக்கு கேன்சர் குணமாயிடுமாடீ?"ன்னார். நல்ல கேள்விதான். அதுக்குத்தான் இந்தப் பதிவு. பொறுமையா படிங்க மக்களே.

முதல்ல தெரியாதவங்களுக்காக. மார்பகப் புற்றுநோய்க்காக கோமன்னு ஒரு அமைப்பு 'த்ரீ டே'ன்னு ஒரு நடை நடத்துறாங்க. மூணு நாள், 60 மைல். நம்ம கணக்குல 96 கிலோமீட்டருக்கும் மேல. பேர் பதிஞ்சா மட்டும் போதாது. ஆளுக்கு குறைஞ்சது 2300 டாலராவது திரட்டினாத்தான் நடக்கவே விடுவாங்க. அமைப்பை 1982-ல் ஆரம்பிச்சவர் நான்சி பிரிங்கர். அவரோட அக்கா சூசன் 36 வயசுல இந்த நோயில இறந்துட்டாங்க, 1980-ல. அக்காவுக்குக் கொடுத்த வாக்குன்னு தொடங்கி, 1983-ல் நான் இருக்கிற இதே டாலஸ்ல முதல் ஓட்டம் நடத்தினாங்க. அன்னைக்கு வந்தது 800 பேர். அதைப் படிச்சப்ப எனக்கு அடையாறுதான் ஞாபகம் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவங்க. அவங்க 1954-ல் தொடங்கினப்ப அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில 12 படுக்கைதான். ரெண்டு ஊர்லயும் கூடப்பிறந்தவளோட சாவுதான் ஆரம்பப் புள்ளி.

சரி, கேள்விக்கு வருவோம். நம்ம ஊர்ல மடிப்பிச்சைன்னு ஒண்ணு உண்டு. வீட்டுல யாருக்காவது உடம்பு ரொம்ப முடியாம போனா வேண்டிக்குவாங்க. நல்லா வசதியா இருக்கிறவங்ககூட மஞ்சப் புடவையைக் கட்டிக்கிட்டு, நாலு வீட்டு வாசல்ல மடியேந்தி நின்னு, அந்தக் காசைத்தான் சமயபுரத்துக்கோ பழனிக்கோ கொண்டு போவாங்க. பீரோவுல பணம் இருக்கே, அதையே உண்டியல்ல போடலாமேன்னு அங்க யாரும் கேட்கிறதில்லை. பழனிக்கு பஸ் இருக்கே, ஏன் நடக்கிறேன்னும் யாரும் கேட்கிறதில்லை. அமெரிக்காவுல ஷூ போட்டு நடந்தா மட்டும் ஏன் கேட்கிறீங்கன்னுதான் எனக்குப் புரியலை :-)

நானே 2300 கொடுத்தா அது ஒரு செக், அவ்வளவுதான். கேட்டு வாங்கினா அம்பது வாசல்ல நிக்கணும். அப்படி நிக்கும்போது அந்த வார்த்தையைச் சொல்லியே ஆகணும். நம்மாளுங்க 'பொம்பளைங்க சமாச்சாரம்'னு மென்னு முழுங்குவாங்களே, அந்த வார்த்தை. நான் அனுப்பின மெயில்ல தலைப்புலயே மார்பகம்னு எழுதினேன். "குடும்பத்துக்கெல்லாம் இப்படியா அனுப்புவே?"ன்னு ஒரு சித்தப்பா கோவிச்சுக்கிட்டார். ஆனா அதே மெயிலுக்குத்தான் பத்து வருஷமா பேசாத ஒரு அக்கா ராத்திரி ஒரு மணிக்கு பதில் போட்டாங்க. ஆறு மாசமா கையில ஒரு கட்டி தட்டுப்படுதாம், வலி இல்லையாம், அதனால புருஷன்கிட்டகூட சொல்லலையாம். அடுத்த நாளே போன் பண்ணி, திட்டி, கூடவே ஒரு தோழியை அனுப்பி டாக்டர்கிட்ட போக வச்சேன். ரிசல்ட் இன்னும் வரலை. அவங்க அனுப்பினது 25 டாலர். நானே செக் எழுதிட்டுத் தூங்கியிருந்தா அந்த மெயில் எனக்கு வந்திருக்குமா? நீங்களே சொல்லுங்க.

வலி இல்லைன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம் இல்லீங்க. இந்தக் கட்டி ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது. ஆம்பளைங்களுக்கும் வரும், நூத்துல ஒரு கேஸ் அவங்கதான். பதிவைப் பாதியில மூடப் போன அண்ணாச்சிகளுக்காக இது.

இதுக்காக இளஞ்சிவப்பா இருக்கிறதை எல்லாம் நான் தலையில தூக்கி வைக்கலை. அக்டோபர் வந்தா தயிர் டப்பாவுல இருந்து துடைப்பம் வரை ரோஸ் கலர். எத்தனை பைசா எங்க போகுதுன்னு பெட்டியில பொடி எழுத்துலகூட இருக்கிறதில்லை. அந்த வியாபாரம் எனக்கு ஆகாது. கோமன் மேலயும் கோவம் உண்டு. 2012-ல் பிளான்ட் பேரன்ட்ஹுட் அமைப்புக்குக் கொடுக்கிற பணத்தை நிறுத்தறோம்னாங்க, எதிர்ப்பு வந்ததும் சில நாள்லயே பல்டி அடிச்சாங்க. அதனால என்கிட்ட "என் காசு எங்க போகும்?"னு கேட்டவங்க மேல எனக்கு வருத்தமே இல்லை. கேட்கணும். இங்க தொண்டு நிறுவனங்களோட வரிக் கணக்கு, ஃபார்ம் 990, யார் வேணா படிக்கலாம். ஆராய்ச்சிக்கு எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவுன்னு பார்த்துட்டே கொடுங்க. வேற அமைப்புதான் பிடிக்கும்னா அங்க கொடுங்க. ஆனா கேட்டுட்டு கொடுக்காம இருக்கிறதுக்கு அந்தக் கேள்வியைச் சாக்கா வச்சுக்காதீங்க.

பெரிய மாமாவுக்கும் பதில் இருக்கு. லாஸ் ஏஞ்சலஸ்ல டென்னிஸ் ஸ்லாமன்னு ஒரு டாக்டர். ஹெர்2 வகை மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து தேடிக்கிட்டிருந்த காலத்துல பணத்துக்குத் திண்டாடினார். அப்ப கைகொடுத்ததுல ரெவ்லான் கம்பெனி நன்கொடை முக்கியமானது. அந்த ஹெர்செப்டின் மருந்துக்கு 1998-ல் அனுமதி கிடைச்சது. நடந்தா குணமாகாது மாமா, சரிதான். பணம் இல்லாட்டி மருந்தும் வராது.

பயிற்சி பத்தி நிறைய பீத்திக்க மாட்டேன். டெக்சாஸ் ஜூலை வெயில்ல சனிக்கிழமை 15 மைல், மறுநாள் வலிக்கிற காலோட 10 மைல். ரெண்டாம் நாள் நடைதான் நிஜமான பயிற்சி. ஷூ அரை சைஸ் பெருசா வாங்குங்க, கால் வீங்கும். பாதி வழியில சாக்ஸ் மாத்துங்க, கொப்புளம் குறையும். வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே இருந்தா உடம்புல உப்பு இறங்கி தலை சுத்தும். எல்லாரும் பிரெட்செல் கடிக்க, நான் உப்பு போட்ட நீர்மோர். இப்ப என் டீம்ல ரெண்டு வெள்ளைக்காரம்மாக்களும் அதுக்கு அடிமை.

இன்னும் 640 டாலர் பாக்கி இருக்கு. அஞ்சு டாலரும் காசுதான். ஆபீஸ்ல மேட்சிங் கிஃப்ட் படிவம் இருக்கான்னு பாருங்க. நீங்க போடுறதுக்குச் சமமா கம்பெனியும் போடும், நம்ம பொட்டி தட்டற ஜனங்க பாதி பேருக்கு இது தெரியவே தெரியாது.

டிஸ்கி: வர்ற சனிக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு 12 மைல். டாலஸ் பக்கம் இருக்கிறவங்க வரலாம். மோர் என் பொறுப்பு, டம்ளர் உங்க பொறுப்பு.